லுக்கீமியா செல்களில் பி21 ஏன் உயரவில்லை? வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஊர் மன்னார்குடிப் பக்கம். தஞ்சாவூரில் முதுநிலை உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். பெரியப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது சைட்டரபின் என்ற மருந்தை 7 நாள், டானோரூபிசின் என்ற சிவப்பு மருந்தை 3 நாள் ஏற்றினார்கள். குறுவை நடவை விட்டுவிட்டு அவர் அருகில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான், அந்தச் சிவப்பு மருந்து செல்லுக்குள் என்ன செய்கிறது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

ஆய்வேட்டுக்காக ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெச்எல்-60 என்ற லுக்கீமியா செல்களுக்கு டானோரூபிசின் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து ஆர்என்ஏ பிரித்து, செல் பெருகுவதை நிறுத்தும் பி21 மரபணுவின் வெளிப்பாட்டை (அது எவ்வளவு இயங்குகிறது என்பதை) அளந்தேன். மருந்தால் டிஎன்ஏ உடைந்தால், செல்லின் காவலாளியான பி53 விழித்துக்கொண்டு பி21-ஐ உயர்த்தும் அல்லவா? அசையவே இல்லை. ஹெச்எல்-60 செல்களில் பி53 மரபணுவே இழக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். இரண்டு மாத உழைப்பு; இன்னும் மனம் ஆறவில்லை.

பி53 பழுதில்லாத மோல்ம்-13 என்ற லுக்கீமியா செல்களுக்கு மாறலாமா? தமிழ்நாட்டில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. இந்த மருந்து டிஎன்ஏவின் அடுத்தடுத்த கார இணைகளுக்கிடையே (ஏணிப்படி போன்றவை) செருகிக்கொண்டு ஆர்என்ஏ படியெடுப்பையே தடுக்கும். அளவு கூடினால் எல்லா மரபணுக்களும் சேர்ந்து இறங்கிவிடும். மாறாமல் இருக்கும் என்று நம்பி ஒப்பீட்டுக்கு வைத்த ஜிஏபிடிஹெச் மரபணு கூட என் மாதிரிகளில் நிலையாக இல்லை. அதற்குப் பதில் எதை வைப்பது? 24 மணி நேரத்தில் பாதிச் செல்கள் செத்துவிடுகின்றன. அப்போது அளப்பது மருந்தின் விளைவை அல்ல, சாவை என்றே நினைக்கிறேன். 4 அல்லது 6 மணி நேரத்தில் எடுத்தவர்கள் இருந்தால், எந்தச் செறிவில் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். திங்கட்கிழமை மறுபடி தொடங்குகிறேன்.