ஓடர் கரையில் ஓர் உருக்கு நகரம்: ஐசன்ஹூட்டன்ஸ்டாட் அனுபவங்கள்

ஜெர்மனியின் கிழக்கு எல்லையில் உள்ள ஐசன்ஹூட்டன்ஸ்டாட் போய் வந்தவர்களும் அங்கே இருந்தவர்களும் எழுதுங்கள். கேட்டவள் என்பதால் நானே தொடங்குகிறேன்.

பெர்லினிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போக வேண்டும். விமான நிலையத்துக்குப் பெயர்போன ஊர் அல்ல, ஓடர் நதிக்கரையில் உள்ள சின்ன ஃபிராங்ஃபர்ட். நதிக்கு அக்கரை போலந்து. “ஸ்டாலின் பெயரில் இருந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவரும் அங்கே போனதில்லை.

1950இல் கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சி மாநாட்டு முடிவில் பிறந்த ஊர் இது. பைன் காட்டை வெட்டி ஆலை கட்டினார்கள். பக்கத்திலேயே தொழிலாளர்களுக்கு வீடுகள் எழுப்பினார்கள். 1953இல் ஸ்டாலின்ஸ்டாட் என்று பெயர் சூட்டினார்கள். 1961இல் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த பழைய ஃபூர்ஸ்டன்பெர்க்கையும் சேர்த்து இன்றைய பெயரை வைத்தார்கள்.

ஐம்பதுகளின் அந்த வீடுகளைப் பார்த்து எனக்குப் பொறாமைதான் வந்தது. வளைவு வாசலுக்குள் நுழைந்தால் பரந்த முற்றம், நன்கு வளர்ந்த மரங்கள், துணி உலர்த்தும் கம்பிகள். ஒரு பாட்டி சமையலறைச் சன்னலிலிருந்தே முற்றத்தில் விளையாடிய பேரனை அதட்டிக்கொண்டிருந்தார். பெர்லினில் நான் கொட்டிக் கொடுக்கும் வாடகைக்குச் சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரிகிறது. சாதாரண ஆலைத் தொழிலாளிக்கு இப்படி வீடு கட்ட வேண்டும் என்று ஓர் அரசு நினைத்திருக்கிறது. அந்த அரசின் மற்ற காரியங்களை நான் மறக்கவில்லை.

பழைய குழந்தைகள் காப்பகம் இப்போது கிழக்கு ஜெர்மன் அன்றாட வாழ்க்கையின் அருங்காட்சியகம். மாடிப்படி ஓரத்தில் கிழக்கு ஜெர்மன் ஓவியர் வால்டர் வோமாக்கா செய்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைத் தவறவிடாதீர்கள். தேவாலயத்தில் இருக்க வேண்டிய வேலைப்பாடு, புனிதர்களுக்குப் பதில் குழந்தைகள். ஊரின் வரைபடத்திலோ தேவாலயமே கிடையாது. தொடக்க காலத்தில் பாதிரியார் ஒரு வண்டிக்குள் வழிபாடு நடத்தியிருக்கிறார்.

*

உருக்குத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் ஆலையைப் பற்றிச் சொல்கிறேன். தாது உக்ரைனின் கிரிவோய் ரோக்கிலிருந்தும் நிலக்கரி போலந்திலிருந்தும் வர வேண்டும் என்பது திட்டம். 1951 செப்டம்பரில் முதல் ஊதுலை, அதாவது தாதுவை உருக்கி இரும்பாக்கும் உலை, எரியத் தொடங்கியது. தகட்டைக் குளிர் நிலையில் உருட்டும் ஆலை 1968இல் வந்தது, இரும்பை உருக்காக்கும் பிரிவு 1984இல்தான் வந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய, உருக்குப் பாளத்தைச் சூடாக்கி உருட்டும் சூட்டு உருட்டாலை மட்டும் இல்லை! இங்கே வார்த்த பாளத்தை வெளியே அனுப்பி உருட்டி, திரும்பக் கொண்டுவந்து மறுபடி உருட்ட வேண்டும். போக்குவரத்துச் செலவை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. ஆலை தனியார் கைக்குப் போன பிறகு, 1997இல்தான் அந்த இடைவெளி நிரம்பியது. அதற்குள் ஆட்குறைப்பில் பல்லாயிரம் பேருக்கு வேலை போய்விட்டது. இன்று ஆலை ஆர்செலர்மிட்டல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனத்துடையது. நிலக்கரியிலிருந்து ஹைட்ரஜனுக்கு மாறும் திட்டத்தை 2025 ஜூனில் நிறுவனம் கைவிட்டது. அரசு மானியம் காத்திருந்தும் கணக்கு ஒத்துவரவில்லை என்றார்கள்.

*

தங்கச்சி எழுதியதைப் படித்தேன். நான் அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனவன் இல்லை. பிராண்டன்பர்க் மாநிலத்தின் அகதிகள் வரவேற்பு முகாம் அங்கேதான் இருக்கிறது; தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என்னை அங்கேதான் அனுப்பினார்கள். ஆலை எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இரவில் வானத்தின் ஒரு மூலை சிவந்து கிடக்கும். வேலை போன ஆண்கள் பகலிலேயே கடைத்தெருவில் நின்றிருப்பார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். ஒருநாள் அவர்களில் ஒருவர் வந்து, எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். “எனக்கும் காத்திருப்புதான்” என்று சிகரெட்டை நீட்டினார். நான் புகைப்பதில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இருட்டிய பிறகு முகாமை விட்டு நாங்கள் வெளியே போவதில்லை.

*

அண்ணா சொன்ன காலத்துக்குப் பிறகு ஊர் இன்னும் வற்றிவிட்டது. எண்பதுகளின் இறுதியில் 50,000 பேருக்கு மேல். இப்போது அதில் பாதிகூட இல்லை. கடைசியாகக் கட்டிய ஏழாவது குடியிருப்புத் தொகுதியை ஏறக்குறைய முழுவதும் இடித்துவிட்டார்கள். மூத்தது நினைவுச்சின்னமாக நிற்கிறது, இளையது மண்ணோடு போய்விட்டது. 2025இல் நகராட்சி, வெளியூர்க்காரர்கள் இரண்டு வாரம் இலவசமாகத் தங்கிப்பார்க்க வீடு கொடுத்தது.

சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். போலந்து எதிரிலேயே தெரிகிறதே என்று நம்பிப் போகாதீர்கள். ஃபூர்ஸ்டன்பெர்க் பாலத்தை 1945இல் பின்வாங்கிய ஜெர்மன் படை தகர்த்தது. மறுபடி கட்டவே இல்லை. அக்கரையில் குவோபோட் என்ற கிராமம், நாரைக் கூடுகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே போக வடக்கிலோ தெற்கிலோ தள்ளியிருக்கும் பாலங்கள் வழியாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.