இரட்டை ரோட்டர்: உண்மையில் லாபமா?

கீழ்க்காற்று:
ரஷ்யாவின் காமோவ் நிறுவன ஹெலிகாப்டர்களில் ஒரே அச்சில் இரண்டு ரோட்டர்கள் எதிரெதிராகச் சுற்றுகின்றன (கோஆக்சியல் என்பார்கள்). உடலை எதிர்த்திசையில் சுழற்றப் பார்க்கும் முறுக்குவிசை சமமாகிவிடும், அதைத் தடுக்க வால் ரோட்டர் வேண்டாம், சரி. ஆனால் கீழ் ரோட்டர் மேலேயுள்ளது தள்ளிவிட்ட காற்றில்தானே ஓடுகிறது? இரண்டும் ஒரே தளத்தில் இருப்பதாகக் கணக்குப் போட்டால், காற்றைக் கீழே தள்ளுவதற்கான திறன், தனித்தனியாக ஓடும் இரண்டு ரோட்டர்களுக்கு ஆவதைவிட 41 சதவீதம் கூடுகிறது. வால் ரோட்டரில் மிச்சமாவதோ ஏறத்தாழ 10 சதவீதம்தான். இதைப் போய் லாபம் என்கிறார்கள்!

அச்சாணி:
அந்த 41 மோசமான எல்லை நண்பரே. மேல் ரோட்டரின் காற்று கீழே போகப் போகச் சுருங்கும், அதனால் கீழ் ரோட்டரின் வெளிப்பகுதிக்குப் புதுக் காற்று கிடைக்கிறது. முழுதாகச் சுருங்கியதாகக் கொண்டால் 28 சதவீதம், சோதனைகளில் 16ஐ ஒட்டி. அதுவும் எதனோடு ஒப்பிட்டு? இரண்டு மடங்கு பரப்பு கேட்கும் இரண்டு தனி ரோட்டர்களோடு. அவ்வளவு இடம் கப்பல் தளத்தில் ஏது? அதே விட்டம், அதே மொத்த இறக்கைகள் உள்ள ஒற்றை ரோட்டரோடு ஒப்பிடுங்கள், கோஆக்சியல் பின்தங்காது. மேல் ரோட்டர் காற்றில் விட்டுப்போகும் சுழற்சியைக் கீழ் ரோட்டர் கொஞ்சம் மீட்டுக்கொள்கிறது.

கீழ்க்காற்று:
ஒரே இடத்தில் மிதக்கும்போது சரி. வேகமாகப் போகும்போது? இறக்கைகள் மேலும் கீழும் அசைவதால் ரோட்டர்களுக்கு நடுவே இடைவெளி வேண்டும், அந்த நீண்ட அச்சும் இறக்கைகள் பொருந்தும் இரண்டு மையங்களும் காற்றை இழுத்துப் பிடிக்கும். இடைவெளி வைத்தும் 1998இல் காமோவின் கா-50 போர் ஹெலிகாப்டர் ஒன்று கடும் திருப்பத்தில் இறக்கைகள் மோதி விழுந்தது.

அச்சாணி:
அதற்குத்தான் விறைப்பான இறக்கைகள். ஒற்றை ரோட்டரில் பின்னோக்கிச் செல்லும் இறக்கைக்கு வேகம் கூடக் கூடத் தூக்குவிசை போதாது, அதுதான் வேக எல்லை. இங்கே இரு பக்கமும் முன்னோக்கி வரும் இறக்கை ஒன்று இருக்கிறது, சுமையை அது ஏற்கும். பின்னால் தள்ளும் ஒரு புரொப்பெல்லரும் சேர்த்து 2010இல் அமெரிக்க நிறுவனமான சிகோர்ஸ்கியின் எக்ஸ்2 சோதனை ஹெலிகாப்டர் சுமார் 250 நாட் (மணிக்கு ஏறத்தாழ 460 கி.மீ.) வேகம் தொட்டது.

கீழ்க்காற்று:
விறைப்பாக்கினால் வளைக்கும் விசை முழுக்க மையத்துக்கு வரும், மையம் கனமாகும், அதிர்வும் வரும். அதே சிகோர்ஸ்கியின் 1970களின் சோதனை ஹெலிகாப்டர் எக்ஸ்எச்-59ஏ அதில்தான் திணறியது.

வால்துடுப்பு:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கோஆக்சியலில் இடவலம் திரும்ப, ஒரு ரோட்டரின் இறக்கைக் கோணத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்து முறுக்குவிசையில் வித்தியாசம் உண்டாக்குகிறார்கள். எஞ்சின் நின்று ரோட்டர் தானாகச் சுழன்று இறங்கும்போது அந்த வித்தியாசம் மிகவும் பலவீனமாகும், திசைகூட மாறலாம். காமோவுக்கு அவ்வளவு பெரிய வால் துடுப்புகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.