ஒரே தடுப்பான், இரண்டு ஐசி50: சோதனைப் பிழையா, ஓஏடிபி1பி1-இன் இயல்பா?

தரமணி மாணவி:
வணக்கம். கல்லீரல் செல்சவ்வின் ஓஏடிபி1பி1 கடத்தி இத்தனை விதமான மருந்துகளை எப்படி இனங்காண்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஹெக்293 செல்கள் (மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த ஆய்வகச் செல்கள்), 24 குழித் தட்டு, தடுப்பான் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து. கடத்தலைப் பாதியாகக் குறைக்கும் தடுப்பான் அளவை (ஐசி50) அளக்கிறேன். எஸ்ட்ராடயால் குளுக்குரோனைடைத் தடுக்கத் தேவைப்படுவதைப்போல் ஐந்து மடங்கு ரிஃபாம்பிசின் எஸ்ட்ரோன் சல்ஃபேட்டுக்குத் தேவைப்படுகிறது. கடத்தப்படும் இந்த இரண்டு பொருளும் (சப்ஸ்ட்ரேட்) 5 மைக்ரோமோலார், 5 நிமிடம். குழிக்குக் குழி வேறுபாடும் அதிகம். எங்கே தவறு?

அடையாறு மருந்தியல்:
கடத்தியின் இயல்பு என்று எழுதுவதற்கு முன் அந்த 5 மைக்ரோமோலாரை மாற்றுங்க. எஸ்ட்ரோன் சல்ஃபேட்டுக்கு இந்தக் கடத்தியில் இரண்டு கேஎம் (கடத்தல் வேகம் உச்சத்தில் பாதியாகும் செறிவு) உண்டு. ஒன்று 1 மைக்ரோமோலாருக்கும் கீழே, இன்னொன்று பல மடங்கு மேலே. 5-இல் முதல் இடம் நிரம்பிவிடும், நீங்க அளப்பது பெரும்பாலும் இரண்டாவதை. போட்டித் தடுப்பில் சப்ஸ்ட்ரேட் கேஎம் அளவுக்கு இருந்தாலே ஐசி50, கேஐயைப்போல் (தடுப்பான் எவ்வளவு இறுகப் பிணைகிறது என்பதன் அளவு) இரண்டு மடங்காகிவிடும். எஸ்ட்ரோன் சல்ஃபேட்டை 0.05, 20 என்று தனித்தனியாகவும், குளுக்குரோனைடை 0.5-இலும் வையுங்க.

நேரமும் முக்கியம். அரை, 1, 2, 3, 5 நிமிடங்களில் எடுத்துக் கோடு நேராகப் போகும் பகுதியில் மட்டும் வேலை செய்யுங்க, பெரும்பாலும் 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வளைந்த பிறகு அளப்பது உள்ளே போனதில் வெளியேறியது போக மிச்சம்தான். கடத்தி இல்லாத வெற்றுச் செல்களிலும் அதே ரிஃபாம்பிசின் அளவுகளைப் போட்டுக் கழிக்கணும். தடுப்பான் இல்லாத ஒரே ஒரு எண்ணை எல்லாவற்றிலும் கழிப்பது சரியில்லை.

சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊர் நம்முடையது. ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர் கூடவே, இதே கடத்தி வழியாகக் கல்லீரலுக்குள் போகும் கொழுப்புக் குறைப்பு மருந்தான ஸ்டாட்டினும் சாப்பிடலாம். இந்த எண்ணைச் சரியாக எடுப்பது அவசியம்.

தட்டும் பஃபரும்:
குழி வேறுபாட்டுக்கு என் முதல் சந்தேகம் கழுவுதல். ஹெக்293 தட்டில் இறுகப் பிடிக்காது. பாலி-டி-லைசின் பூசிய தட்டு கட்டாயம். பஃபரைச் செல்கள் மேல் நேராக ஊற்றாமல் குழிச் சுவரோரமாக விடுங்க. கழுவிய பிறகு நுண்ணோக்கியில் ஒருமுறை பாருங்க; ஓரம் உரிந்து மடங்கியிருந்தால் அந்தக் குழியை ஒதுக்கிடுங்க. ஒவ்வொரு குழிக்கும் பிசிஏ முறையில் புரதம் அளந்து அதால் வகுங்க.

நிறுத்தும் பஃபர் உண்மையிலேயே பனிக்குளிராக இருக்கணும். சென்னை மே மாதத்தில் மேசைமேல் வைத்த பாட்டில் சில நிமிடத்திலேயே சூடேறும், கடைசி வரிசைக் குழிகளில் கடத்தல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டிலைப் பனிக்கட்டிக்குள் கழுத்துவரை புதைத்து, மூன்று முறை கழுவுங்க. ரிஃபாம்பிசினை அன்றன்றைக்கு டிஎம்எஸ்ஓவில் கரைத்து வெளிச்சம் படாமல் வையுங்க, பழைய கரைசல் குயினோனாக மாறும். டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் ஒரே அளவு, 0.5 சதவீதத்துக்குள். ஒளிரும் சப்ஸ்ட்ரேட்டான டைகுளோரோஃப்ளோரசீனுக்கு மாறலாம் என்று தோன்றினால், ரிஃபாம்பிசினின் சிவப்பு நிறம் 475 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும், அதுவே தடுப்பு மாதிரித் தெரியும்.

தரமணி மாணவி:
நன்றி. இதெல்லாம் சரிசெய்தும் வித்தியாசம் நின்றால் ஆர்ஜினின் 580-ஐ (கடத்திப் புரதத்தின் 580-ஆவது அமினோ அமிலம்) மாற்றிப் பார்க்கலாமா?

அடையாறு மருந்தியல்:
பார்க்கலாம். வித்தியாசம் ஓரளவு நிற்கும் என்றுதான் நினைக்கிறேன், சப்ஸ்ட்ரேட்டைப் பொறுத்துத் தடுப்பு மாறுவது இந்தக் கடத்தியில் அறியப்பட்டதே. 2023-இல் வந்த கிரையோ-எலக்ட்ரான் நுண்ணோக்கி அமைப்புகளில் 12 சுருள்களுக்கு நடுவே இருக்கும் குழிவு பெரியது. இரண்டு மூலக்கூறுகள் அதில் ஒரே மூலையில்தான் உட்காரணும் என்றில்லை. ஆனால் மாற்றிய புரதத்தில் கடத்தல் குறைந்தால் உடனே பிணைப்பு கெட்டது என்று எழுதிடாதீங்க, புரதம் சவ்வுக்கே வராமல் போயிருக்கலாம். சவ்வின் மேற்பரப்பில் இருக்கும் புரதத்தை மட்டும் பயோட்டின் முறையில் பிரித்து, சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸை ஒப்பீடாக வைத்து வெஸ்டர்ன் ப்ளாட் (புரத அளவு காட்டும் சோதனை) எடுங்க. அந்த அளவால் விமேக்ஸை (உச்சக் கடத்தல் வேகத்தை) திருத்துங்க. அதற்குப் பிறகும் ஒரு சப்ஸ்ட்ரேட்டின் கேஎம் மட்டும் நகர்ந்து மற்றது அசையாமல் இருந்தால், அந்த இடத்தைத் தைரியமாக வாதிடலாம்.