கிறிஸ்துமஸ் பரிசாகக் கிறிஸ்தவ நூல்கள்: யாருக்கு எதைக் கொடுப்பது?

மஞ்சக்குப்பம் ஆசிரியை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் லுத்தரன் சபைக் குடும்பத்தினர். கிறிஸ்துமஸ் காலையில் ஆராதனை முடிந்து வந்ததும் கேக், முறுக்கு, அதிரசம் ஆகியவற்றைத் தட்டில் வைத்துத் தெருவில் உள்ள வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவதும், நெருங்கியவர்களுக்குப் புடவையோ வேட்டி சட்டையோ எடுத்துக் கொடுப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். பலகாரத் தட்டை நிறுத்தும் எண்ணமில்லை. ஆனால் துணிக்குப் பதிலாக இந்த ஆண்டு அவரவருக்கு ஏற்ற கிறிஸ்தவ நூல் ஒன்றைக் கொடுக்கலாம் என்று நானும் என் கணவரும் பேசி முடிவெடுத்திருக்கிறோம்.

நூலைத் தேர்ந்தெடுப்பதில்தான் தடுமாறுகிறோம். என் மாமியாருக்கு எண்பதை நெருங்கும் வயது. வேதாகமத்தில் பாதி அவருக்கு மனப்பாடம், ஆனால் கண்புரை அறுவைக்குப் பிறகும் சிறிய எழுத்து தெரிவதில்லை. என் தங்கை புதுச்சேரியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய மாமனார் தினமும் திருப்பலி வழிபாட்டுக்குச் செல்பவர், நிறைய வாசிப்பவர். நாங்கள் கொடுக்கும் நூல் எங்கள் சபையின் கருத்தை அவர்மீது திணிப்பதாகத் தோன்றிவிடக் கூடாது. ஞாயிறு பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கில வழியில் படிப்பவர்கள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். பக்கத்து வீட்டார் இந்துக்கள், தீபாவளிப் பலகாரத்தையும் பொங்கலையும் தவறாமல் எங்களுக்குக் கொடுத்தனுப்புபவர்கள், அந்த அம்மா நல்ல வாசகி. அவர்களுக்குக் கிறிஸ்தவ நூல் கொடுப்பது முறையா, கொடுத்தால் மதம் மாற்ற முயல்கிறோம் என்று நினைத்துவிடுவார்களா என்பதில் எனக்கும் கணவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஒரு நூலுக்கு இருநூறு ரூபாய்க்குள் அமைந்தால் நல்லது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மிஷன் வீதி வாசகர், புதுச்சேரி

சகோதரி, உங்கள் தங்கையின் மாமனாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நானும் கத்தோலிக்கன், ஏறக்குறைய அவர் வயதினன். அவருக்கு வேதாகமம் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் உள்ள பழைய திருப்புதல் என்னும் வேதாகம மொழிபெயர்ப்பில் 66 நூல்கள், எங்கள் திருவிவிலியத்தில் 73. தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக் முதலியவை இல்லாத பதிப்பை அவர் மரியாதைக்காக வாங்கிக்கொள்வார், ஆனால் திறந்து பார்க்கமாட்டார். 73 நூல்களும் அடங்கிய 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்போ அவர் வீட்டில் அநேகமாக ஏற்கெனவே இருக்கும்.

இரு சபையினரும் தயக்கமின்றிக் கையில் எடுக்கக்கூடியவை, சபைகள் பிரிவதற்கு முன்பே எழுதப்பட்ட பக்தி நூல்கள். தாமஸ் அ கெம்பிஸ் கிறிஸ்துவைப் பின்பற்றுவது குறித்து 15ஆம் நூற்றாண்டில் எழுதிய தியான நூல் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தம் தொடங்கியது 1517இல் என்பதால், இந்த நூலை எந்தச் சபைக்கு உரியது என்றும் யாரும் கேட்பதில்லை. அத்தியாயங்கள் சிறியவை, நாளுக்கு ஒன்றாக வாசிக்க ஏற்றவை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மூல நூல் நான்கு பகுதிகளைக் கொண்டது, நான்காவது பகுதி திருப்பலியில் பெறும் நற்கருணையைப் பற்றியது. சீர்திருத்தச் சபையார் வெளியிட்ட பதிப்புகள் சிலவற்றில் அந்தப் பகுதி இருக்காது. தினமும் நற்கருணை வாங்கும் ஒருவருக்கு அந்தப் பகுதி இல்லாத பதிப்பைக் கொடுத்தால், நீங்கள் தவிர்க்க விரும்பும் அதே சங்கடம் நேரும்.

புனித அகுஸ்தீனாரின் தன்வரலாறும் பொருத்தமானதே. லூத்தரே அகுஸ்தீனார் சபைத் துறவியாக இருந்தவர் அல்லவா, அந்த வகையில் உங்கள் வீட்டுக்கும் அது உறவுதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெல்லிக்குப்பம்

கிறிஸ்தவ நூல் என்றவுடன் அமெரிக்கப் போதகர்களின் மொழிபெயர்ப்புகளைத் தேடி ஓடுவது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை. 1715இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய தரங்கம்பாடி நமக்குத் தெற்கே இதே கடற்கரையில்தான் இருக்கிறது. 1855 முதல் 1862 வரையிலான ஆண்டுகளில் முசே, துப்புயி என்னும் குருக்களின் தமிழ்–பிரெஞ்சு அகராதியை வெளியிட்ட மிஷன் அச்சகம் வடக்கே புதுச்சேரியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, மூன்று வாரத்தில் வெற்றி பெறும் வழிகளைக் கூறும் மொழிபெயர்ப்பு நூலை நாம் பரிசளிக்கிறோம்.

ஆனாலும் பெருங்காப்பியங்களைக் கண்மூடிக்கொண்டு பரிந்துரைக்கமாட்டேன். வீரமாமுனிவரின் தேம்பாவணி 3,615 பாடல்கள் கொண்டது. உரையில்லாத பதிப்பை வாங்கிக் கொடுத்தால் அது கண்ணாடி அலமாரியில்தான் போய் நிற்கும். எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் அவ்வாறே. ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதையைத் தழுவி, கம்பனை நன்கு கற்ற ஒருவர் 1894இல் வெளியிட்ட காப்பியம் அது. தமிழ் படித்தவர்களுக்கு அதைப் போன்ற விருந்து வேறில்லை, மற்றவர்களுக்கு அந்தக் கதையின் எளிய உரைநடை வடிவமான மோட்ச பிரயாணமே போதும்.

உங்கள் மாமியாருக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட கீர்த்தனை நூல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோரின் கீர்த்தனைகள் அந்தத் தலைமுறைக்குப் பாட்டாகவே நினைவில் இருப்பவை. முதல் அடி கண்ணில் பட்டால் போதும், மீதி தானாக வரும். புதிய மொழிபெயர்ப்பு வேதாகமம் எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். மனப்பாடமாக உள்ள வசனம் அச்சில் வேறு சொற்களில் இருந்தால் முதியவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சங்கீத ஆர்வம் உண்டென்றால் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைக் கொடுங்கள். எழுதியவர் கத்தோலிக்கர். ஆனால் எந்தச் சமயத்தாரும் பாடக்கூடிய கீர்த்தனைகள் அவை, கச்சேரி மேடைகளில் இன்றும் பாடப்படுகின்றன.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி

அப்பர் கல்லைத் தெப்பமாகக் கொண்டு கரையேறிய ஊர்க்காரி நான், சைவக் குடும்பம். உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் இடத்திலிருந்து பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

புத்தகம் கொடுத்தால் நாங்கள் தவறாக நினைப்பதில்லை. தவறாக நினைக்க வைப்பது கொடுக்கும் விதம். கேக் டப்பாவுக்கு அடியில் கைப்பிரதியை மடித்து வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மூடியைத் திறந்து பார்க்கும்போது, இந்தக் கேக்கே அந்தத் தாளுக்காகத்தான் வந்ததோ என்ற எண்ணம் எழுவதைத் தவிர்க்க முடியாது. அதே நேரத்தில், ஒருவர் நேரில் வந்து, "இதை நான் வாசித்தேன், உங்களுக்கும் பிடிக்கும் என்று தோன்றியது" என்று சொல்லி, முதல் பக்கத்தில் பெயர் எழுதிக் கொடுத்தால், அது தேவாரப் பதிப்பாக இருந்தாலும் நற்செய்தி நூலாக இருந்தாலும் மரியாதைதான். எனவே நீங்கள் வாசிக்காத நூலைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நல்ல வாசகி என்கிறீர்கள், அடுத்த வாரமே வேலிக்கு அப்பால் நின்று அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

எனக்குத் தோன்றும் முதல் நூல் கண்ணதாசனின் இயேசு காவியம். அர்த்தமுள்ள இந்துமதம் எழுதிய கவிஞர் தம் கடைசிக் காலத்தில் எழுதியது என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அது அயல் வீட்டுப் பொருளாகத் தோன்றுவதில்லை. விலை உங்கள் வரம்பைத் தாண்டினால், வாழ்க்கை வரலாறுகளைப் பாருங்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனதற்குக் காரணமான இரவு நமக்கு அருகில் உள்ள திண்டிவனத்தில் நிகழ்ந்தது. பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களின் கணவர்மார், ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அனுமதிக்க மனமின்றி, மருத்துவம் அறியாத அந்த இளம்பெண்ணை அடுத்தடுத்து வந்து அழைத்தார்கள். காலைக்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். பிற்காலத்தில் வேலூரில் மருத்துவமனையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கியவர் அவர்தான். சமயம் வேறாக இருப்பவரும் அந்த வரலாற்றைப் பாதியில் மூடி வைக்க முடியாது.

மஞ்சக்குப்பம் ஆசிரியை, கடலூர்

அனைவருக்கும் நன்றி. கணவரிடம் காட்டினேன், கைப்பிரதியைப் பற்றிய பகுதியை இரண்டு முறை வாசித்தார். ஐடா ஸ்கடர் வரலாற்றை முதலில் நான் வாசித்துவிட்டுப் பிறகு கொடுப்பதாக இருக்கிறேன்.

முன்பு எழுதத் தயங்கிய ஒன்றை இப்போது கேட்கிறேன். என்னோடு பணிபுரியும் ஆசிரியை ஒருவரின் கணவர் ஆகஸ்டு மாதத்தில் காலமானார். அவர்களும் கிறிஸ்தவர்களே. இந்த ஆண்டு அவர்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பலகாரமும் செய்யமாட்டார்கள். ஆறுதல் தரும் நூல் ஒன்றைக் கொடுக்கலாமா?

முதலியார்பேட்டை செவிலியர், புதுச்சேரி

கொடுக்கலாம், ஆனால் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்க வேண்டாம். வண்ணத்தாளும் நாடாவும் சுற்றாமல், பண்டிகைக்குச் சில நாட்கள் முன்னதாகவோ புத்தாண்டுக்குப் பின்னரோ நேரில் சென்று, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வரும்போது மேசைமேல் வைத்துவிட்டு வாருங்கள்.

நோயாளிகளின் படுக்கைக்கு அருகில் வந்து சேரும் ஆன்மிக நூல்களைப் பணிக்காலம் முழுவதும் பார்த்துவருகிறேன். விசுவாசம் இருந்தால் குணமாகும், ஜெபித்தால் எல்லாம் மாறும் என்று அட்டையிலேயே உறுதி கூறும் நூல்கள், குணமாகாதவருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் செய்யும் தீங்கு, கொடுத்தவர்களுக்குத் தெரிவதில்லை. கணவருக்காக மாதக்கணக்கில் ஜெபித்துவிட்டு அவரை இழந்த ஒரு பெண், தம் ஜெபத்தில்தான் ஏதோ குறை இருந்தது போலும் என்று அந்த நூலை வாசித்து எண்ணத் தொடங்குவார். கவலைப்படாதே, அழாதே என்னும் தலைப்புகளும் வேண்டாம். அழுவதற்கு இடம் கொடுக்கும் நூல்தான் வேண்டும்.

அதற்கு வேதாகமத்தில் உள்ள பாடல் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தைவிட நல்லதாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. 150 சங்கீதங்களில் கணிசமானவை முறையீடுகள், 88ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதை வேதாகமத்தில் வைத்திருப்பதே துயரப்படுபவருக்கு ஓர் அனுமதி என்று நான் கருதுகிறேன். சங்கீதம் மட்டும் தனியாக அச்சிட்ட சிறு நூல்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. முதல் பக்கத்தில் அறிவுரை எதுவும் எழுதாதீர்கள், காலமானவரின் பெயரைக் குறிப்பிட்டு, அவரை நினைத்துக்கொள்கிறோம் என்று எழுதினால் போதும். அத்தகைய வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்லவே எல்லாரும் அஞ்சுகிறார்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை: பெரிய எழுத்தும் போதாத நிலை வந்தால், கைப்பேசியிலோ சிறிய ஒலிபெருக்கியிலோ கேட்கும் தமிழ் ஒலி வேதாகமத்தை இப்போதே பழக்கிவிடுங்கள்.

அரியாங்குப்பம் மறைக்கல்வி ஆசிரியர், புதுச்சேரி

பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, எனவே நான் எழுதுகிறேன். தமிழாசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், இந்த வயதில் மோட்ச பிரயாணம்கூட அவர்களுக்குக் கனமானது. பொடி எழுத்தில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டை வகுப்பு முழுவதற்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுப்பது நமக்கு எளிது, ஆனால் அது வாசிக்கப்படுவதில்லை. பக்கத்துக்கு நான்கைந்து வரிகளும் பெரிய படமும் உள்ள விவிலியக் கதை நூல்களை, கதைக்கு ஒன்றாகத் தனித்தனியே வாங்குங்கள். ஒருவருக்கு யோனா, ஒருவருக்கு ரூத், ஒருவருக்கு தாவீது என்று கொடுத்தால், தங்களுக்குள் மாற்றிக்கொண்டாவது மற்றவற்றையும் வாசிப்பார்கள். தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள பதிப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் போன்ற பதிப்பகங்களுக்கு எழுதி வரவழைக்கலாம். கத்தோலிக்க நூல்களுக்குத் திண்டிவனத்தில் உள்ள விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் நமக்குப் பக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கேட்டால் நாள்காட்டிகளும் வாக்குத்தத்த அட்டைகளும்தான் மிஞ்சியிருக்கும்.

வெளியூர் உறவினருக்கு அனுப்புவதானால், அஞ்சல் துறை 2025 மே 1 முதல் நடத்திவரும் ஞான் போஸ்ட் என்னும் சேவையில் சமய நூல்களையும் அனுப்பலாம். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகச் செல்வதால் தாமதமாகும், பத்து நாளாவது முன்கூட்டியே அனுப்புங்கள். நம் கரையில் டிசம்பர் எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் தானே புயல் அடித்ததே டிசம்பர் 30ஆம் தேதிதான். உறைக்குள் வைக்கும் முன் ஒவ்வொரு நூலையும் பிளாஸ்டிக் பையில் இட்டு ஒட்டிவிடுங்கள், வண்ணத்தாள் சுற்றுவதாக இருந்தால் பைக்கு மேலே சுற்றுங்கள். ஈரம் பட்டால் அந்தத் தாளின் சாயம் அட்டையில் இறங்கிவிடுகிறது.