எந்தத் தண்ணீரிலும் 7 காட்டும் பிஎச் மீட்டர்

நொய்யல்கரையான்:
திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். தொட்டி மேலே இருந்த பிஎச் அனலைசரை, அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் மீட்டரை, போன மாதம் கண்ட்ரோல் அறைக்கு மாற்றச் சொன்னார் முதலாளி. வெயிலில் எண் தெரியவில்லையாம். சென்சார் கேபிள் ஐந்து மீட்டர்தான். அதனுடன் 12 மீட்டர் சாதாரண இரண்டு கம்பி ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து மீட்டர் 7-ஐச் சுற்றியே வருகிறது. 7 என்றால் அமிலமும் இல்லை, காரமும் இல்லை என்பதால் பார்க்கிற எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது. காரத் தண்ணீர் வரும் நேரத்தில் பிஎச் காகிதத்தை நனைத்தால் கருநீலமாகிறது, மீட்டரோ 7.8 என்கிறது. அமிலம் விடும் டோசிங் பம்ப் அசையவே இல்லை. பிஎச் 4.01 என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசலில் வைத்தால் 6.3, 9.18-இல் வைத்தால் 7.5. உச்சி வெயிலில் மட்டும் கொஞ்சம் தேறுகிறது. ஆறு மாதமே ஆன சென்சாரைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பேனல்பெட்டி:
வாங்காதீர்கள் தம்பி, குற்றவாளி அந்த டேப்தான். பிஎச் கண்ணாடி முனையின் மின்தடை பல மெகா ஓம். சிலவற்றில் நூறு மெகா ஓமையும் தாண்டும். அது தருவதோ 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59 மில்லி வோல்ட். பிஎச் 7 என்றால் பூஜ்யம். ஜாயின்டில் ஈரம் புகுந்தால் அந்தச் சொற்ப மின்னழுத்தமும் வழியிலேயே கசிந்துவிடும். மீட்டருக்கு வந்து சேருவது பூஜ்யத்துக்குப் பக்கத்தில், அதனால்தான் 7. வெயிலில் தேறுகிறதே, அதைவிடச் சாட்சி வேண்டுமா? 0 அல்லது 14 காட்டினால் ஆளாளுக்கு ஓடிவருவார்கள். 7 காட்டினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அனலைசரைத் தொட்டிக்கே கொண்டுபோய் மேலே ஒரு தகரக் கூரை போடுங்கள். அறைக்கு, பிஎச் அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லி ஆம்பியர் ஒயரை இழுத்து அங்கே ஒரு டிஸ்ப்ளே வையுங்கள். அந்தச் சிக்னல் நூறு மீட்டர் போனாலும் குறையாது. 0–14 அளவுக்கு வைத்தால் பிஎச் 7-க்கு 12 மில்லி ஆம்பியர் வர வேண்டும். அனலைசர் தானே கரண்ட் தரும் வகையா என்று முதலில் கையேட்டில் பாருங்கள். அப்படியானால் வெளியிலிருந்து 24 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், கார்டு எரிந்துவிடும். ஷீல்டு ஒயரை (கம்பிகளைச் சுற்றியுள்ள உறைக்கம்பி) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

நொய்யல்கரையான்:
டேப்பைப் பிரித்தேன் ஐயா. செம்பு பச்சை பூத்திருந்தது. கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, மீதிக் கேபிளைச் சீவித் தொட்டி மேலேயே இணைத்தேன். இப்போது இன்னும் மோசம். எந்தப் பஃபரிலும் அசையாமல் 7.00!

ஈரோட்டுக்காரி:
கேபிளை எப்படிச் சீவினீர்கள்? வலைக்கம்பியை விலக்கியதும், வெள்ளை இன்சுலேஷன் மேல் மெல்லிய கறுப்புத் தோல் ஒன்று தெரியும். பிளாஸ்டிக் என்று நினைத்து விட்டுவிடுவோம். அது மின்சாரம் கடத்தும். நடுக்கம்பியைத் தொட்டால் ஷார்ட்தான். ஐந்தாறு மில்லிமீட்டர் பின்னால் வரை உரித்தெடுங்கள். பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, வெள்ளைப் பகுதியை விரலால் தொடாமல் இணையுங்கள். நானும் பயிற்சிக் காலத்தில் இதற்காக ஒரு நல்ல சென்சாரைக் குப்பையில் போட்டவள்தான்.

நொய்யல்கரையான்:
அதேதான் அக்கா! வேர்க்கடலைத் தோல் போல பிளேடில் சுருண்டு வந்தது. இப்போது பஃபரில் 4.05, 9.12. அளவுதிருத்தம் செய்தபின் ஸ்லோப், அதாவது ஒரு பிஎச்சுக்கு வரும் மின்னழுத்தம், 57 மில்லி வோல்ட். தொட்டியில் விட்டதும் 10.4 காட்டியது, பம்பும் ஓடத் தொடங்கியது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது, என்ன செய்து வைத்தாய்?" என்கிறார்.