வீட்டுக்கு எவ்வளவு பற்றரி போடுறது? 5ஆ 10ஆ 15ஆ?

தெஹிவளைக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். கூரையில 5 கிலோவோட் சோலார் இருக்கு, நெட் அக்கவுண்டிங் (மிஞ்சுற கரண்டை லைனுக்கு விக்கிற முறை). மாசம் 240 யூனிட் போல முடியும். அம்மாட அறையில ஒரு ஏசி, பிரிட்ஜ், மேல் டாங்கிக்குத் தண்ணி ஏத்துற 1 எச்பி மோட்டர், மற்றது வழமையான சாமான்தான். 2025 பெப்ரவரியில பாணந்துறை சப்ஸ்டேஷன்ல குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்க கரண்ட் போச்சே, அண்டைக்கு நல்ல மத்தியான வெயில், கூரை நிறைய பேனல், வீட்டுக்குள்ள ஒரு ஃபேன் கூட சுத்தேல்ல. மனுசி அப்பவே பற்றரி கதையைத் தொடங்கிட்டா. இப்ப விலை கேட்டா கடைக்காரர் ஒரேயடியா 15 கிலோவோட் அவர், அதாவது 15 யூனிட் பிடிக்கிற பற்றரி போடுங்கோ எண்டுறார், நாளைக்கு 8 யூனிட்படி ரெண்டு நாளைக்குக் காணுமாம். தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் 5 காணும் எண்டுறான். ஆரை நம்புறது?

கொட்டாஞ்சேனை வயர்மேன்
15 எல்லாம் உங்களுக்குத் தேவையே இல்ல, அவருக்கு விக்கோணும் அவ்வளவுதான். மாச பில்லை 30ஆல பிரிச்சு பற்றரி எடுக்கக்கூடாது, ஏனெண்டா அந்த 8 யூனிட்ல பகல்ல முடியிறதை சோலாரே பாத்துக்கொள்ளும், பற்றரிக்கு வேலை பொழுதுபட்டுத்தான். அதால பின்னேரம் 6.30க்கு மீட்டரைப் பாத்து எழுதுங்கோ, விடிய 5.30க்கு திரும்ப பாருங்கோ, ஏசி போட்ட இரவு ஒண்டு போடாத இரவு ஒண்டு. கூட்டல் கழித்தல் தெரிஞ்சா காணும்.

இன்னொண்டு, அண்டைக்கு உங்கட சோலார் நிண்டது பழுதில்ல. லைன்ல கரண்ட் இல்லாட்டி சாதாரண கிரிட் இன்வேட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற பெட்டி) தானா ஓஃப் ஆகும், இல்லாட்டி றோட்டில வேலை செய்யிற ஆளுக்கு ஷொக் அடிக்கும். அதோட பற்றரியை மட்டும் கொண்டுவந்து கொழுவி பிரயோசனம் இல்ல, பேனலையும் பற்றரியையும் சேத்து ஓட்டுற ஹைபிரிட் இன்வேட்டரா மாத்தோணும். கொட்டேஷன்ல அது இருக்கா?

வத்தளை நிஸா
வயர்மேன் சொன்னது சரி, ஆனா எத்தனை யூனிட்ங்கிறதை மட்டும் பார்த்துட்டு இன்வேட்டர் எத்தனை கிலோவோட்னு பார்க்காம விட்றாதீங்க. எங்க வீட்ல பற்றரி நிறைய சார்ஜ் இருந்தும், மோட்டர் ஓடுற நேரம் கேத்தில் போட்டா பட்டுனு ட்ரிப் ஆகும். கேத்தில் மட்டும் 2000 வோட் இழுக்கும், மோட்டர் ஸ்டார்ட் ஆகுறப்ப ஓடுறதை விட பல மடங்கு இழுக்கும். இப்ப மோட்டர், ஹீட்டர், அயன் எல்லாத்தையும் பற்றரி லைன்ல இருந்து பிரிச்சு வேற டிபியில (பிரேக்கர் பெட்டியில) போட்டாச்சு, தண்ணி பகல்லயே ஏத்திருவோம்.

தெஹிவளைக்காரன்
பாத்தன். ஏசி போட்ட இரவு 5.2, போடாத இரவு 2.6. கொட்டேஷன்ல ஹைபிரிட் எண்டு போட்டிருக்கு. அப்ப 5 சரிவருமா? கடையில 51.2 வோல்ட் 100 ஏஎச், லித்தியம் பொஸ்பேட் எண்டு ஒண்டு காட்டினவை.

கொட்டாஞ்சேனை வயர்மேன்
51.2ஐ 100ஆல பெருக்கினா அது பேருக்கு 5.12 யூனிட். 90 வீதம்தான் பாவிப்பீங்க, இன்வேட்டரில போறதும் போக கையில மிஞ்சிறது 4.2 போல. லைட், ஃபேன், வைஃபை, பிரிட்ஜ் எல்லாம் தாராளமா விடியும்வரை ஓடும், ஏசி முழு இரவும் ஓடாது. விடிஞ்சா வெயில் திரும்ப ஏத்தும்தானே, ரெண்டு நாள் கணக்கு ஏன்? 2022ல 13 மணித்தியாலம் வெட்டினவங்க, அப்பவும் இடையில வெயில் வந்ததுதானே. அம்மாக்கு ஏசி கட்டாயம் எண்டா 10 எடுங்கோ. இல்லாட்டி 5 எடுத்து, அதே மொடல் இன்னொண்டை பிறகு பரலலா கொழுவலாமா எண்டு பில்லிலயே எழுதி வாங்குங்கோ, வாயால சொல்லுறதை நம்பவேண்டாம்.

வத்தளை நிஸா
தெஹிவளைன்னா கடல் பக்கமா? அப்ப வெளிச்சுவர்ல மாட்ட விடாதீங்க, உப்புக்காத்துல டெர்மினல் துருப்பிடிக்கும், மேக்கு வெயிலும் அடிக்கும். 45 டிகிரிக்கு மேல போனா நிறைய பற்றரி சார்ஜ் ஏறுறதையே நிப்பாட்டிரும்.

தெஹிவளைக்காரன்
அவங்கள் காட்டின இடமே மேக்குச் சுவர்தான் 😅 படிக்கு கீழ இடம் இருக்கு, காத்தும் வரும், அங்க வைக்கச் சொல்லுறன். அம்மாட்ட கேட்டா ஏசி இல்லாமலும் படுப்பாவாம், அப்ப 5தான்.