குறைந்த செலவில் டர்போ: எஞ்சினை எப்படிப் பலப்படுத்தினீர்கள்?

கோவையிலிருந்து:

என் மாருதி எஸ்டீம் காரில் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பூட்டிய முதல் எஞ்சின் பதினோரு நாள்தான் ஓடியது. பிரித்துப் பார்த்தபோது மூன்றாம் சிலிண்டர் பிஸ்டனில், முதல் ரிங்குக்கும் (பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரை அடைக்கும் வளையம்) இரண்டாம் ரிங்குக்கும் நடுவிலுள்ள விளிம்பு கட்டைவிரல் அகலத்துக்குப் பெயர்ந்து போயிருந்தது. பெயர்ந்த துண்டு ரிங்குகளுக்கு நடுவிலேயே சிக்கிக் கிடந்தது.

1298 சிசி, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ. கொண்ட மாருதியின் ஜி13 எஞ்சின் அது. டர்போவை மனத்தில் வைத்து வடிவமைத்ததல்ல. ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கிய, பலமான) பிஸ்டனும், அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் காரின் விலையைத் தாண்டிவிடும். எனவே சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தையில் இன்னொரு எஞ்சின் வாங்கி, கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறையில் கொண்டுபோய் இறக்கினேன். உடைந்த பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மாஸ்டர், "தம்பி, இது பலம் குறைந்து உடைந்ததில்லை. ரிங் முனையைப் பாருங்கள்" என்றார். ரிங்கின் இரண்டு முனைகளும் கண்ணாடி போலப் பளபளத்தன. சூட்டில் விரிந்து ஒன்றோடொன்று முட்டியதன் அடையாளம் அது. முட்டிய பிறகு விரிய இடமில்லாத ரிங், சிலிண்டர் சுவரில் இறுகி, பிஸ்டன் விளிம்பையே பிய்த்துக்கொண்டு போகிறது.

செலவே இல்லாத முதல் வேலை அங்கேதான் இருக்கிறது. மிதமான பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) உள்ள எஞ்சினில், முதல் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, போர் அளவில் ஆயிரத்தில் ஐந்து பங்கு என்பது பழைய கணக்கு. 74 மி.மீ.க்கு அது 0.37 மி.மீ. என் எஞ்சினில் 0.24 தான் இருந்தது. ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஓர் அங்குலம் கீழே தள்ளினால் ரிங் நேராக உட்காரும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து, வெளியே எடுத்து அரத்தில் நாலு இழுப்பு, மீண்டும் உள்ளே வைத்து அளவு. அரத்தை வெளியோரத்திலிருந்து உள்நோக்கி மட்டும் இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் வெளிமுகத்தில் பிசிறு எழும்பிச் சிலிண்டரைக் கீறும். நான்கு ரிங்குக்கும் ஒரு முழு மாலை ஆனது. அந்த மாலையை நான் மறக்கமாட்டேன்.

அடுத்தது ராட். அதன் பக்கவாட்டில் அச்சுக்கோடு மேடாக ஓடும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். அந்த மேட்டை நீளவாக்கில் தேய்த்து மழுங்கச் செய்தோம். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஒரு விரிசலுக்கு விதை. பிறகு கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனை, சிறு உலோகக் குண்டுகளை அடித்து மேற்பரப்பை இறுக்கும் ஷாட் பீனிங், புது ராட் போல்ட். போல்ட்டை மாற்றினால் ராடின் பெரிய கண்ணை (கிராங்க் தண்டைப் பற்றும் துளையை) மறுபடி ஹோன் செய்து, அதாவது உரசித் தீட்டி, வட்டத்துக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும். இதைச் சொல்லாமல் போல்ட்டை மட்டும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போல்ட் அறுவதற்கு நான் பூஸ்ட்டைத்தான் பழி சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறு. எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது ராட் நசுங்கல் விசையைத் தாங்குகிறது. போல்ட்டுக்கு அப்போது பெரிய வேலை இல்லை. புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் வீச்சின் உச்சியில், மேலே பாய்ந்து வரும் பிஸ்டனைத் தடுத்துக் கீழே இழுக்கும் கணத்தில்தான் போல்ட் இழுபடுகிறது. அந்த இழுவிசை ஆர்பிஎம்மின் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதன்) இருமடிக்கு ஏற்ப உயரும். 6000-லிருந்து 7000-க்குப் போனால் 36 சதவீதம் கூடுதல். அதனால் என் எஞ்சினை 6000-க்கு மேல் விடுவதில்லை. டர்போ நடு ஆர்பிஎம்மிலேயே வேண்டிய இழுவையைத் தந்துவிடுவதால் அதில் எனக்குக் குறையும் தெரியவில்லை.

ஹெட்டுக்கும் (எஞ்சினின் மேல்மூடி) பிளாக்குக்கும் நடுவே அடைக்கப் பல அடுக்கு உலோக கேஸ்கெட் போட்டேன். அதற்கு ஹெட், பிளாக் இரண்டின் முகமும் நன்றாக மழமழப்பாக இருக்க வேண்டும். கம்ப்ரஷனைக் குறைப்பதற்காக இரண்டு கேஸ்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே கலவையை நெருக்கிச் சுழலவிடும் குறுகிய இடைவெளி போய்விடும். நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டுவது) குறைவதற்குப் பதில் கூடும்.

சென்னையிலிருந்து:

கோவை அண்ணாவின் பதிவைப் படித்ததும் என்னுடையதையும் சொல்லத் தோன்றியது. நான் பணம் மிச்சம் பிடித்த இடம் டர்போ. டீசல் காரில் இருந்து கழற்றியது, கையில் பிடித்தால் தேங்காய் அளவுதான் இருக்கும். டீசலின் எக்ஸாஸ்ட் வெப்பம் குறைவு. அதற்கான டர்பைன் ஏறத்தாழ 850 டிகிரி வரைதான் தாங்கும். பெட்ரோலில் 950-ஐத் தாண்டுவது சாதாரணம். நான்காவது மாதம் டர்பைன் கூட்டில் வாயிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அதற்கு முன்பே நீலப்புகை வந்து, ரிங் போய்விட்டது என்று பயந்து ஹெட்டைக் கழற்றினேன். ரிங்குகள் நன்றாகவே இருந்தன. டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் மெலிதாகவும் நடுவில் தொய்ந்தும் இருந்ததுதான் காரணம். அந்த எண்ணெய் நுரைத்து, அழுத்தமில்லாமல் தன் எடையில்தான் கீழே வழியும். குழாய் அகலமாக, எங்கும் ஏறாமல் இறங்கி, தொட்டியில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இரண்டு அடிக் குழாய்க்காக ஓர் எஞ்சினைப் பிரித்தேன்.

திருச்சியிலிருந்து:

என் கணவரும் நானும் சேர்ந்து செய்த வண்டி. எஞ்சினுக்குள் நாங்கள் கையே வைக்கவில்லை. இருந்த காசில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து கலவையின் நிலையைக் காட்டுவது), எரிபொருளையும் தீப்பொறி நேரத்தையும் திருத்த ஒரு கணினிப் பெட்டியும் வாங்கினோம். முதலில் இவை, மற்றதெல்லாம் பிறகு என்பது என் உறுதியான கருத்து. நாக்கிங் என்பது தீ பரவி வந்து சேர்வதற்குள் மூலையில் கிடக்கும் கலவை தானாகவே வெடிப்பது. அதன் அடியை எந்த வார்ப்புப் பிஸ்டனும் நெடுநாள் தாங்காது. பூஸ்ட் ஏறும்போது கலவையை 11.5-க்கு (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.5 பங்கு காற்று, எடையில்) செறிவாக்கினோம், தீப்பொறியைத் தாமதப்படுத்தினோம், ஒரு படி குளிர்ந்த (சூட்டை விரைவாக வெளியேற்றும்) ஸ்பார்க் பிளக் போட்டு அதன் இடைவெளியை 0.7 மி.மீ. ஆக்கினோம். பூஸ்ட் 0.4 பார் மட்டும். இரண்டு வருடமாக ஓடுகிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எங்கள் வண்டி லாரியில் ஏறித்தான் பந்தயத் தடத்துக்குப் போகிறது.

மீண்டும் கோவையிலிருந்து:

திருச்சி சகோதரி சொன்ன வரிசைதான் சரி. என் முதல் எஞ்சினில் அந்த சென்சார் இருந்திருந்தால், ரிங் அவ்வளவு சூடாவதற்கு முன்பே கலவையில் பெட்ரோல் குறைந்து இளைத்துப்போனது தெரிந்திருக்கும். என் வண்டியும் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயின் 2.1 கி.மீ. தடத்தில் மட்டும்தான் ஓடுகிறது.

போன வாரம் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினேன். பதினான்கு மாதம் ஓடியிருக்கிறது. பிஸ்டன் அடிப்பக்கம் சுத்தம், ராட் போல்ட் நீளவில்லை. இரண்டாம் ராடின் பெரிய கண்ணுக்குள் இருக்கும் பேரிங்கின் மேல் பாதியில் மட்டும் சாம்பல் நிறம் தேய்ந்து, கால் ரூபாய் அளவுக்குச் செம்பு தெரிகிறது. வாயு அழுத்தம் முழுவதும் விழுவது அந்தப் பாதியில்தான். எண்ணெய்க் குளிர்விப்பான் வைக்கலாமா, கொஞ்சம் கெட்டியான எண்ணெய்க்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். இந்த எஞ்சினில் யாராவது குளிர்விப்பான் பொருத்தியிருந்தால், குழாயை எந்தப் பக்கமாக இழுத்தீர்கள் என்று எழுதுங்கள்.